செட் ஆகாது

(கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். வேலுச்சாமி கைப்பேசியும் கையுமாக வருகிறார்.)

வேலுச்சாமி: அண்ணாச்சி, இந்த ஒரு வரிக்குப் பொருள் சொல்லுங்கள். திருநெல்வேலிக்குப் போன என் அக்காள் மகன் இதை அனுப்பிவிட்டுக் கைப்பேசியை அணைத்துவிட்டான்.

அண்ணாச்சி: "மாமா, செட் ஆகாது." இதில் என்ன ஐயம், வேலு?

வேலுச்சாமி: அவனிடம் ஒப்படைத்த காரியங்களைக் கேட்டால் உங்களுக்கும் ஐயம் வந்துவிடும். தோட்டத்துக் கிணற்றுக்குப் பம்பு செட் விலை விசாரிக்கச் சொன்னேன். அம்மன் கோயில் கொடைக்கு ரேடியோ செட்டும் இரண்டு செட் நையாண்டி மேளமும் பேசி அச்சாரம் கொடுக்கச் சொன்னேன். மகளுக்கு ஆரமும் கம்மலும் சேர்ந்த நகை செட் ஒன்றைப் பார்த்து வைக்கச் சொன்னேன். அப்படியே ரயில்வே மாப்பிள்ளை வீட்டுக்கும் போய், அவர்கள் மனத்தில் இருப்பதை நயமாக அறிந்து வரச் சொன்னேன். இவற்றுள் எந்தச் செட் ஆகாதாம்?

அண்ணாச்சி: மாப்பிள்ளை வீட்டில் செட் எங்கே வந்தது?

வேலுச்சாமி: அங்கேதான் பெரிய செட்டே இருக்கிறது. பெண்ணுக்கும் பையனுக்கும் செட் ஆகுமா என்று தரகர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அண்ணாச்சி: நீ மாட்டியிருப்பது சாதாரணச் சொல்லிடம் அல்ல. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், இந்தச் சொல் வினையாக வரும் இடங்களுக்கு மட்டும் 430 பொருள்கள் கொடுத்து, ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம் எழுதியிருந்தார்கள். நீ அதைப் படித்து முடிப்பதற்குள் உன் மகளுக்கே பேரன் பிறந்துவிடுவான்.

வேலுச்சாமி: அவ்வளவு எழுதியவர்கள் செட் தோசையை எழுதினார்களா?

அண்ணாச்சி: அது வேறு வம்சம், தம்பி. சூரியன் மறைவது, சிமென்ட் இறுகுவது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, கடிகாரத்தில் அலாரம் வைப்பது எல்லாம் ஒரு கிளை. பழைய ஆங்கிலத்தில் உட்கார வைப்பதைக் குறித்த சொல்லிலிருந்து கிளைத்தவை. பல பொருள்கள் சேர்ந்த தொகுதியைச் செட் என்கிறோமே, அது, ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்துக்கு இலத்தீனில் வழங்கிய 'செக்டா' என்ற சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, நாளடைவில் முன்னதோடு கலந்துவிட்டது.

வேலுச்சாமி: அப்படியானால் என் பம்பு செட் இலத்தீன் வம்சம், அதைக் கிணற்று மேட்டில் செட் செய்வது ஆங்கில வம்சம். கலப்புத் திருமணத்தைக் கிணற்றங்கரையிலேயே நடத்தி வைத்திருக்கிறேன். அது போகட்டும், ஆகாது என்கிறானே, அதற்கு வழி சொல்லுங்கள்.

அண்ணாச்சி: இலக்கணப்படி பார்ப்போம். ரேடியோ செட் அமையவில்லை என்றால் கிடைக்கவில்லை என்பான். நகை செட் என்றால் விலை கட்டாது என்பான். மேளம் என்றால் தேதி இல்லை என்பான். 'செட் ஆகாது' என்பது பொருத்தத்தைக் குறிக்கும் வினையாதலால், மாப்பிள்ளை ஒருவருக்கே அது பொருந்தி வருகிறது.

வேலுச்சாமி: ஐயோ, அவர்கள் வீட்டுக்குப் பொங்கலன்று இரண்டு தார் வாழை அனுப்பினேனே!

அண்ணாச்சி: பதறாதே. உன் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது?

வேலுச்சாமி: கோடையில் ஐம்பது அடிக்குக் கீழே.

அண்ணாச்சி: எந்தப் பம்பை விசாரிக்கச் சொன்னாய்?

வேலுச்சாமி: மேட்டிலேயே வைக்கும் மோனோபிளாக். அதுதான் பழுது பார்க்க எளிது.

அண்ணாச்சி: மேட்டில் இருக்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சும்போது, உண்மையில் அதை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். அது கணக்குப்படி 34 அடிக்கு மேல் தூக்காது. நடைமுறையில் 25 அடி வந்தாலே பெரிது. அந்த மோட்டார் உன் கிணற்றுக்குச் செட் ஆகாது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார்.

வேலுச்சாமி: என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள். மோட்டார் ஆகாவிட்டால் போகட்டும், நீர்மூழ்கி மோட்டார் வாங்கிக்கொள்கிறேன். (கைப்பேசி ஒலிக்கிறது.) இதோ, அவனே அனுப்பிவிட்டான். "பம்புதான் மாமா செட் ஆகாது. மாப்பிள்ளையைப் பார்க்க முடியவில்லை. அவர் ரன்னிங்கில் இருக்கிறார்." அண்ணாச்சி! ரன்னிங் என்றால்?

அண்ணாச்சி: (கண்ணாடியைக் கழற்றி) வேலு, திண்ணையிலேயே பாயை விரித்துவிடு. செட்டை முந்திய சொல் அது. அந்த அகராதியை மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது, ரன்னிங்குக்கு வேரான 'ரன்' என்ற சொல்லுக்கு வினையாக மட்டும் 645 பொருள்கள் தேறின. அதற்காகவே பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் உட்கார்ந்தார்.

வேலுச்சாமி: அத்தனையும் எனக்கு வேண்டாம். ஓடிப்போவது அவற்றுள் ஒன்றா, இல்லையா?

அண்ணாச்சி: ஒன்றுதான். ஆனால் மாப்பிள்ளை உதவி லோகோ பைலட் அல்லவா? ரயில்வேயில் ரன்னிங் என்றால் வண்டியோடு போயிருக்கிறார் என்று பொருள்.

வேலுச்சாமி: வண்டியோடேயே ஓடிவிட்டாரா!