அந்தப் பெண் கேட்டது கடனைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைப் பக்கத்து மண்டபத்தில் நடந்த வரன் அறிமுக நிகழ்ச்சியில் ஒரு பெண் மாப்பிள்ளைப் பையனிடம் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்ட காணொளி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும் என்பதால் அதை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. எனக்கு ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. அவற்றில் இரண்டு எங்கள் சொந்தக்காரர்களுடையவை. "இந்த அம்மணிக்கு மாப்பிள்ளை வேண்டாமுங்க, ஏடிஎம் மிஷின்தான் வேணும்" என்று எழுதியவர் எனக்குப் பெரியப்பா முறை ஆகிறவர். அதற்குக் கீழே சிரித்திருந்தவர்களை எண்ணினேன். முப்பத்தொரு பேர்.

அந்தப் பெண் மைக்கை வாங்கி, "உங்களுக்கு எவ்வளவு கடன் இருக்குதுங்க?" என்றுதான் கேட்டாள். தோட்டம் எத்தனை ஏக்கர் என்றோ, வாய்க்கால் பாசனமா போர்த் தண்ணீரா என்றோ, சொந்த வீடு எத்தனை சதுர அடி என்றோ அவள் கேட்கவில்லை. உன்னிடம் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. நீ யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. புதிய ஆளுக்குப் பத்து மூட்டை நூலைக் கடனாகக் கொடுப்பதற்கு முன்னால் நான்கு இடத்தில் விசாரிக்கிற ஊர்க்காரர்களாகிய நமக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

என் கதையைச் சொன்னால்தான் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்பது புரியும். நான் பி.காம். படித்தவள், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதிக் கொண்டிருந்தபோது, சாயப்பட்டறையில் பங்கு வைத்திருந்த ஒருவரைக் காதலித்து 2008-இல் திருமணம் செய்துகொண்டேன். கல்யாணத்துக்கு முந்தைய நாள் சமையல்கட்டில் வைத்து, அம்மாவைப் பெற்ற என் அமுச்சி, "பையன் எங்கயாச்சும் கடன் வாங்கி வெச்சிருக்கானான்னு கேட்டியா கண்ணு?" என்றார். இரண்டு வகுப்புகூடப் படிக்காத அந்தக் கிழவிக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. "உங்களுக்கெல்லாம் எப்பப் பார்த்தாலும் காசு நெனப்புத்தானா அமுச்சி?" என்று எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் மறுபடியும் தேங்காய் துருவ ஆரம்பித்தார். ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதிய நான், என்னோடு வாழப் போகிறவரின் கணக்கைக் கேட்பது காதலுக்குச் செய்யும் அவமானம் என்று நினைத்தேன்.

2011 ஜனவரியில், நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு சரியா தவறா என்று நான் இங்கே பேசவில்லை. நொய்யல் எப்படி ஓடியது என்பதை நானும் பார்த்தவள்தான். பட்டறை மூடிய பத்தாம் நாள் எங்கள் வாசலுக்கு ஆள் வந்தது. பதினெட்டு லட்சம். அதில் ஒரு பகுதி மீட்டர் வட்டி. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது பாதிக்கு மேல். வங்கி லாக்கரில் இருப்பதாக நான் நம்பியிருந்த என் நகைகள் அடகுக்கடையில் இருந்தன. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்" என்ற பழமொழி, "ஆயிரம் முறை போய்ச் சொல்லி" என்பதன் திரிபு என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அது திரிந்தபடியே நடந்தது.

அவர் கெட்டவர் அல்லர், என்னை நேசிக்காதவரும் அல்லர். பணத்தாசையால் எங்கள் காதலுக்குக் கேடு வரவில்லை. கேட்காமல் விட்டதாலும் அவர் மறைத்ததாலும் வந்தது. கடன் அடைந்து முடிய 2019 ஆயிற்று. அவர் எதைச் சொன்னாலும் ஒரு நொடி சந்தேகப்பட்டுவிட்டுத்தான் நம்புகிற பழக்கம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

இனி, "உண்மையான காதல் பணம் பார்க்காது" என்று உபதேசம் செய்கிறவர்களுக்கு வருகிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியவுடன் மிகவும் அன்பாக, "ஒரே பொண்ணுங்களா?" என்று கேட்கிறார்களே, அது எதற்காக? கூடப் பிறந்தவர்கள் இல்லாமல் குழந்தை தனியாக வளர்ந்ததே என்ற கவலையாலா? பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் சட்டம் ஆனபிறகு அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். வரதட்சணை கேட்பதே குற்றம் என்று 1961-இலேயே சட்டம் வந்துவிட்ட நாட்டில், "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க" என்பதன் உரையும் நமக்குத் தெரியும். இவையெல்லாம் சம்பிரதாயம்; ஒரு பெண் கடனைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேராசை.

கூட்டத்தில் வைத்துக் கேட்டிருக்க வேண்டாம், தனியாகக் கேட்டிருக்கலாம் என்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையனின் முகம் வாடியதை நானும் பார்த்தேன், எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மண்டபத்தில் இருந்தவர்களோடு முடிந்திருக்க வேண்டிய அந்த வாட்டத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், படம் பிடித்த அந்த மனிதர். அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

தோட்டம் பார்க்கிற பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் போனதற்கு இப்படிப்பட்ட பெண்கள்தாம் காரணம் என்கிற பேச்சுதான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் என் தம்பிக்கு முப்பத்தாறு வயது ஆகிறது. நான்கு ஏக்கர், ஆயிரம் அடிக்குக் கீழே போன போர், நான்கு கறவை மாடுகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், என் பங்கு வேண்டாம் என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். நிலம் முழுவதும் பையன் பெயரில் இருந்தால்தான் வரன் அமையும் என்று தரகர் சொன்னார். அன்று என்னை யாரும் கணக்குப் பார்க்கிறவள் என்று சொல்லவில்லை, பாசக்காரி என்றார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "ஒரே பொண்ணுங்களா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. தம்பிக்குப் பெண் கிடைக்காததற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவன் மீது இருக்கிற பயிர்க் கடனை மறைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன்.

காதலுக்கு விலை பேசலாமா என்று இரண்டு நாட்களாகக் கண்ணீர் வடிக்கிற இதே மனிதர்கள், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகில், சாதி மாறி மணந்ததற்காக ஓர் இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றபோது காதலுக்காக ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. அது வேறு விஷயம் என்பீர்கள். சாதி பார்க்கலாம், குலம் கூட்டம் பார்க்கலாம், ஜாதகம் பார்க்கலாம், பவுன் பார்க்கலாம், பெண்ணின் நிறத்தைக்கூடப் பார்க்கலாம். அவள் கடனைப் பற்றிக் கேட்டால்தான் உங்களுக்குக் காதல் நினைவுக்கு வருகிறது என்றால், அது எனக்கு வேறு விஷயமாகத் தெரியவில்லை.

"உனக்குப் பெண் குழந்தை இருக்கிறது, அதனால் பேசுகிறாய்" என்று யாராவது எழுதுவீர்கள். ஆமாம், இருக்கிறாள். பதினான்கு வயது. அதனால்தான் பேசுகிறேன்.

பதிவிடுவதற்கு முன்னால் இதை வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதையும் படித்துவிட்டு, "மறைத்ததாலும்" என்ற இடத்தில் "சொல்ல முடியாமல் போனதாலும்" என்று மாற்றக் கூடாதா என்று மட்டும் கேட்டார். நான் மாற்றவில்லை. அவரும் அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்தக் காணொளியைத் தயவுசெய்து இந்தப் பதிவின் கீழே யாரும் போட வேண்டாம். பெரியப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.