லீ செடோலைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள்?

சனிக்கிழமை பள்ளி ஆண்டு விழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நேற்று ராத்திரி அந்த விழா வீடியோ மூன்றாவது குரூப்பிலும் வந்து விழுந்தது. அதற்கு மேல் முடியவில்லை. காரைக்குடிக்காரர்கள் நிறையப் பேர் அந்த மண்டபத்திலேயே இருந்தீர்கள், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். முழுக்கதையும் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வலித்தது அந்த ஒரு படம்.

சிறப்பு விருந்தினர் திரையில் போட்டாரே, ஒருவர் தலையில் கையை வைத்துக்கொண்டு பலகையைக் குனிந்து பார்க்கிற படம். "கோ விளையாட்டுல உலகத்தையே ஆட்டிப் படைச்சவரு இவரு. கம்ப்யூட்டர்கிட்ட மாட்டினதும் மூஞ்சியப் பாருங்க" என்றார். மண்டபமே சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பெற்றோர் சிரித்தார்கள், முன்வரிசையில் ஆசிரியர்கள் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த என் மகளும் சிரித்தாள். "இனிமே மூளைய நம்பிப் பிரயோஜனமில்ல" என்று அவர் முடித்ததும் கைதட்டல்.

அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கிறது. லீ செடோல். தென்கொரியர். 12 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனவர், 18 சர்வதேசப் பட்டங்கள் வென்றவர். அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் படத்தை மட்டும் போட்டுச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார் விருந்தினர்.

கோ தெரியாதவர்களுக்கு நம்ம ஆடுபுலி ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். அதில் 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி அடிக்கும், ஆடுகள் கூடி நின்று புலி நகர இடமில்லாமல் அடைக்கும். கோ ஆட்டத்தில் இரண்டு பேருக்குமே அடைக்கிற வேலைதான். குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு. கோடுகள் வெட்டிக்கொள்கிற புள்ளிகளில் ஒருவர் கறுப்புக் காயும் ஒருவர் வெள்ளைக் காயும் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த காயை நகர்த்த முடியாது. சுற்றிலும் அடைபட்டால் எடுத்துவிடுவார்கள். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்திருக்கிறாரோ அவர் ஜெயித்தார். விதி இவ்வளவுதான், ஆனால் பலகையில் அமையக்கூடிய நிலைகள் எத்தனை என்று எழுதினால் 171 இலக்கம் வரும். அதனால்தான் 1997-ல் டீப் ப்ளூ என்ற கணினி செஸ்ஸில் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த பிறகும், கிட்டத்தட்ட 20 வருஷம் கோ பக்கம் கணினியால் பெரிய ஆட்டக்காரர்களை நெருங்க முடியவில்லை.

2016 மார்ச் 9-ஆம் தேதி சியோலில் ஒரு ஹோட்டலில் லீ உட்கார்ந்தார். எதிரே லண்டன் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோ என்ற கோ ஆடும் கணினி நிரல். அது சொன்ன இடத்தில் காயை வைத்தவர் அந்தக் குழுவைச் சேர்ந்த அஜா ஹுவாங். மொத்தம் ஐந்து ஆட்டம், அதில் ஐந்தையுமோ நாலையோ ஜெயிப்பேன் என்று போவதற்கு முன்னால் லீ சொல்லியிருந்தார். முதல் மூன்றிலும் தோற்றார். இரண்டாவது ஆட்டத்தில் 37-ஆவது காயைக் கணினி வைத்த இடத்தைப் பார்த்து வர்ணனையாளர்களே தவறோ என்று நினைத்தார்கள். ஒரு மனிதர் அந்த இடத்தில் வைப்பதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று அதே நிரல் கணித்திருந்தது. பதில் காய் வைக்க லீக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது ஆட்டமும் போன பிறகு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். தோற்றது லீ செடோல்தான், மனித இனம் தோற்கவில்லை என்றார்.

தொடர் அங்கேயே போய்விட்டது. ஆனாலும் மறுநாள் வந்து உட்கார்ந்தார். நாலாவது ஆட்டத்தில், 78-ஆவது காயை, கறுப்புக் காய்களுக்கு நடுவில் ஆப்பு மாதிரிச் செருகினார். அதற்கும் பத்தாயிரத்தில் ஒன்றுதான் வாய்ப்பு என்பது ஆல்ஃபாகோவின் கணக்கு. அதன் பிறகு கணினி தடுமாறி, கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டது. டீப்மைண்ட் தலைவர் டெமிஸ் ஹசாபிஸ் லீயைப் பாராட்டினார். உருவாக்கியவரே கைதட்டிய ஆட்டக்காரரைப் பார்த்துத்தான் நம்ம ஊர் மண்டபம் சிரித்தது.

இன்னொன்று. ஜெயித்த கையோடு லீ ஒன்று கேட்டார். வெள்ளைக் காயில் ஜெயித்துவிட்டேன், கடைசி ஆட்டத்தில் எனக்குக் கறுப்பு கொடுங்கள் என்றார். கறுப்பில் ஜெயிப்பதுதான் கஷ்டம், அதனால் அதுதான் மதிப்பு என்று அவருக்குப் பட்டது. கொடுத்தார்கள். 280 காய்கள் வரை போராடித் தோற்றார். 4-1. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இப்படிப்பட்டவரைப் பார்த்துச் சிரிக்கவா நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது?

"சும்மா தமாஷுக்குச் சொன்னார், பெரிசு பண்ணாதீங்க" என்று இரண்டு பேர் இன்பாக்ஸில் எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் முன்னால் சொல்வது எதுவும் சும்மா இல்லை.

"கோ நம்ம ஆட்டமா? சீனாக்காரன் ஆட்டத்துக்கு நீங்க ஏன் வரிஞ்சு கட்டுறீங்க?" என்று கேட்பவர்கள் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பழைய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். தூண் பர்மாத் தேக்கு, கண்ணாடி பெல்ஜியம், தரை இத்தாலி மார்பிள், சுவரில் ஜப்பான் ஓடு. கடல் தாண்டி வந்த நல்லதையெல்லாம் முகப்பில் வைத்துப் பெருமைப்பட்ட ஊர் இது.

"கம்ப்யூட்டர் வளர்றது உங்களுக்குப் பிடிக்கலை" என்பார்கள். நான் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகையிலிருந்து பத்திரம் வரைக்கும் கணினியில்தான் அடிக்கிறேன், என் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான். ஆல்ஃபாகோவை நான் குறைத்துப் பேசவில்லை. முதலில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து சுமார் 3 கோடி நிலைகளைப் பார்த்துப் படித்தது, பிறகு தன்னோடு தானே ஆடி வளர்ந்தது. 2017-ல் சீனாவின் முன்னணி கோ ஆட்டக்காரர் கே ஜியேயை 3-0 என்று ஜெயித்தது. அதே வருஷம் வந்த ஆல்ஃபாகோ ஜீரோ மனித ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றே நாள் தானாகப் பழகி, லீயை ஜெயித்த பழைய நிரலை 100-0 என்று அடித்தது. 2023-ல் ஓர் அமெரிக்க அமெச்சூர் ஆட்டக்காரர், கடாகோ என்ற பலமான நிரலை 15 ஆட்டத்தில் 14-இல் தோற்கடித்தார். ஆனால் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் இன்னொரு நிரல்தான். அதையும் மறைக்கவில்லை. கணினி ஜெயித்துவிட்டது, சரி, ஒப்புக்கொண்டேன். நான் கேட்பது அது இல்லையே. தோற்றவரைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள்?

மேடைக்குப் பக்கத்திலேயே குகேஷ் படம் போட்டு பேனர் கட்டியிருந்தார்கள். செஸ்ஸில் கணினி உலக சாம்பியனை ஜெயித்தது 1997-ல். குகேஷ் பிறந்தது 2006-ல். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன். மூளையை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அந்தப் பையனுக்கு யாராவது ஏழு வயதில் சொல்லியிருந்தால்?

இப்போது எனக்கே கஷ்டமான கேள்வி. "அந்த லீயே 2019-ல் ஆட்டத்தை விட்டுட்டாரே?" ஆமாம், விட்டுவிட்டார். எவ்வளவு முயன்று முதல் இடத்துக்கு வந்தாலும் தோற்கடிக்க முடியாத ஒன்று மேலே இருக்கிறது என்றார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எத்தனையோ பேர் இன்னும் ஆடுகிறார்கள், கணினியிடம் கற்றுக்கொண்டு முன்னைவிட நன்றாகவே ஆடுகிறார்கள் என்று சொல்லலாம். அவர் மனசில் விழுந்த அடிக்கு அது பதிலாகாது. எனக்கு அவர் சொன்னது புரிகிறது. ஏன் புரிகிறது என்றால், என் அப்பா.

அப்பா இங்கே ஒரு பெரிய கடையில் 27 வருஷம் கணக்கப்பிள்ளை. பேரேட்டில் ஒரு பக்கம் முழுக்க இருக்கும் தொகையை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு இழுப்பார், விரல் அடிக்கோட்டுக்கு வரும்போது கூட்டுத்தொகை வாயில் இருக்கும். வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும் வாரத்தில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். 1998-ல் கடைக்குக் கணினி வந்தது. முதலாளி மகன் எல்லார் முன்னாலும் ஒரு பட்டியலைத் தட்டிக் காட்டிவிட்டு, "என்ன கணக்கப்பிள்ளை, இனிமே உங்க தலையை மியூசியத்துல வச்சிரலாமா?" என்றார். நான் அன்றைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். கையில் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ராத்திரி அந்தக் கணினி அடித்துக் கொடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தத் தாள். பட்டாலையில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். பதினோரு மணி இருக்கும். "சரியாத்தான் போட்டிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாளும் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனார். இன்னும் நாலு வருஷம் போனார்.

கணினி சரியாகப் போட்டது எனக்கு வருத்தமே இல்லை. அது சரியாகப் போடட்டும், அதற்குத்தானே வாங்கினார்கள். சிரித்ததுதான். 27 வருஷம் ஒரு பைசா பிசகாமல் எழுதிய மனிதரைப் பார்த்து, அவர் கையில் வளர்ந்த பையன் சிரித்ததுதான். சனிக்கிழமை அந்த மண்டபத்தில் மறுபடியும் நான் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றேன். இதைப் பதிவில் எழுதுவதாக இல்லை, எழுதிவிட்டேன்.

விழாக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கு: வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் லீ செடோல் யார் என்று அதே மேடையில் அதே பிள்ளைகளுக்கு ஒருவர் பத்து நிமிஷம் சொல்லட்டும். யாரும் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்து நாலாவது ஆட்டத்தைக் காட்டினேன். சார்ட் பேப்பரில் கோடு போட்டோம். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு அப்பத்தா வைத்திருந்த பல்லாங்குழிச் சோழி. சோழி போதவில்லை, மீதிக்குச் சட்டைப் பொத்தான். ஒவ்வொன்றாக வைத்து 78 வரை வந்தோம். அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் சிரிச்சிருக்கக் கூடாதுப்பா" என்றாள். நீ சின்னப் பிள்ளை, உன் மேல் தப்பில்லை என்றேன்.

அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். 81 வயது, காது கொஞ்சம் மந்தம். பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன ஆட்டம்டா இது? எத்தனை கோடு?"

"பத்தொம்பதுக்குப் பத்தொம்பது ஐயா" என்றாள் அவள்.

"முன்னூத்தி அறுபத்தொரு புள்ளி" என்றார் அப்பா. புளியங்கொட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தார்.