ஈட்டி எடுத்தவனுக்குச் சாக்கு கிடையாது

வலை வீசுகிறவருக்கும் தூண்டில் போடுகிறவருக்கும் என்ன மாட்டும் என்பது முன்கூட்டியே தெரியாது. வேண்டாத மீன் வந்துவிட்டால், "மாட்டிவிட்டது, என்ன செய்வது" என்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஈட்டித் துப்பாக்கியோடு மூச்சடக்கி முங்குகிறவனுக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. அவன் மீனை நேருக்கு நேர் பார்க்கிறான். எந்த இனம், எவ்வளவு பெரியது, கூட்டமாக நிற்கிறதா, தனியாக நிற்கிறதா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் விசையை அழுத்துகிறான். ஆகவே இந்த வேட்டையில் நடக்கும் தவறு ஏறக்குறைய எல்லாமே தெரிந்து செய்யும் தவறுதான்.

துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகான கயாக்கில் ஈட்டியோடு போவது எனக்கு உயிர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் போவது மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்கு. அதன் கிழக்குக் கரையில் இருக்கும் கலிபோர்னியா வளைகுடாவில்தான் இறங்குவேன். நான் வசிக்கும் சான் டியேகோவிலிருந்து லொரேத்தோ நகரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். 1973இல் கட்டி முடிக்கப்பட்ட நெடுஞ்சாலை, இருபுறமும் கள்ளிக்காடு. லொரேத்தோவுக்குத் தெற்கே நெடுஞ்சாலையை விட்டு மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கினால் அகுவா வெர்தே என்ற மீனவ ஊர். அதற்கும் தெற்கே பெரும்பாலும் கரையை ஒட்டிச் சாலையே கிடையாது. ஹிகாந்தா மலைத்தொடர் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. இடையிடையே சிறு மணல் திட்டுகளும் எப்போதாவது நாலைந்து வீடுகளும் தென்படும். அக்டோபரில் தண்ணீர் 28 டிகிரி வரை இருக்கும். மெல்லிய உடுப்போடு மணிக்கணக்காகக் கிடக்கலாம். நவம்பர் தாண்டிவிட்டால் வடகாற்று வந்துவிடும். ஒருமுறை தொடங்கினால் சில நாள் விடாமல் அடிக்கும். அப்போது கயாக்கைக் கரையில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் கரைக்குக் கயாக்தான் பொருத்தமான படகு என்பது என் உறுதியான எண்ணம். சத்தம் இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை என்பது ஒருபுறம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம், அதில் ஐஸ் நிற்காது என்பது. குடிநீர் கிடைக்காத கரை. தலைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது கொண்டுபோக வேண்டும். கேன்களை அடுக்கியபின் ஐஸ் பெட்டிக்கு மிஞ்சுகிற இடம் மிகச் சிறியது. உள்ளே வைத்த ஐஸும் வெகு சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் அன்று இரவு தின்னும் மீனை மட்டுமே குத்த முடியும். மோட்டார் படகில் பெரிய பெட்டிகளோடு வருகிறவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கரையில் மீன்களை வரிசையாகக் கிடத்திப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அவற்றைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அத்தனையையும் யார் சாப்பிட்டார்கள்?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மெக்சிகோவில் உரிமச்சீட்டு வாங்க வேண்டும். காற்று உருளை கட்டிக்கொண்டு குத்தக் கூடாது. மூச்சடக்கித்தான் இறங்க வேண்டும். ரப்பர் பட்டையாலோ சுருள்வில்லாலோ இயங்கும் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 மீன். பிடித்ததை விற்கக் கூடாது. சிங்கி இறால், சிப்பி, ஆமை எதையும் தொடவே கூடாது. ஐந்து என்பது உச்சவரம்பு. அதை எட்டியே தீர வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்கிறவர்களோடு நான் சேர்ந்து போவதில்லை.

சட்டப் புத்தகத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் கரையின் மீனவர்கள் செய்த காரியம். சான் கோஸ்மேயிலிருந்து புன்த்தா கோயோத்தே வரையிலான கடற்கரையில், அகுவா வெர்தே முதலிய ஊர்களின் மீனவர்கள் நிபராஹா என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு உட்கார்ந்து பேசி, தாங்கள் மீன்பிடிக்கும் கடலிலேயே 11 இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012இல் அரசு அவற்றை மீன்களுக்கான புகலிடங்களாக அறிவித்தது. முதலில் 5 ஆண்டுக்குத்தான், 2017இல் நீட்டித்தார்கள். அன்றாடம் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற குடும்பங்கள் அவை. அவர்களே சில பாறைகளை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும்போது, விடுமுறைக்கு வந்த நாம் அங்கே இறங்கி, "ஒரே ஒரு மீன்தானே" என்று குத்திக்கொண்டு போவது எனக்குத் திருட்டாகத்தான் படுகிறது. கயாக் சத்தமில்லாமல் போகும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவரோடு வாதாடி அலுத்துவிட்டேன்.

விட்டுவைத்தால் கடல் திருப்பித் தரும் என்பதற்கு இதே தீபகற்பத்தின் தென்முனைக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. காபோ புல்மோவில் மீனவக் குடும்பங்கள் முன்னின்று 1995இல் தேசியப் பூங்கா வந்தது. 1999க்கும் 2009க்கும் இடையில் அங்குள்ள மீன்களின் மொத்த எடை 460 சதவீதத்துக்கு மேல் கூடியதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

இனி நான் அங்கே குத்தும் கலவா மீனைப் பற்றி. அங்கே கப்ரில்லா என்கிறார்கள். பழுப்பு உடம்பில் செம்பழுப்புப் புள்ளிகள். பாறை நிழலுக்குள் நுழைந்ததும் நிறம் கறுத்துவிடும். எட்டு மீட்டர் ஆழத்தில் பாறையைப் பிடித்துப் படுத்து, நகத்தால் மெல்லச் சுரண்டினால் போதும். என்ன சத்தம் என்று பார்க்கப் பொந்திலிருந்து முதலில் தாடை தெரியும். பிறகு தலை. பிறகு நெஞ்சுத் துடுப்புகளை விசிறியபடி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்று, ஒரு கண்ணைச் சுழற்றி நம்மை மேலும் கீழும் பார்க்கும். அந்த ஆர்வம்தான் அதன் உயிருக்கு உலை வைக்கிறது. நிதானமாகக் குறிவைக்கத் தெரிந்த இருவர் ஒரே பிற்பகலில் ஒரு பாறையை வெறுமையாக்கிவிட முடியும். போதாக்குறைக்கு, வசந்தகாலத்தில் இனப்பெருக்கத்துக்காகக் கூட்டம் கூட்டமாகச் சேரும் மீன் இது. ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கூட்டத்துக்குள் ஈட்டியோடு இறங்குவதைச் சட்டம் தடுக்காவிட்டாலும் நாம் செய்யக் கூடாது.

இதே இனத்தில் அபூர்வமாகச் சில மீன்கள் உடம்பு முழுக்கப் பொன்மஞ்சளாக மாறிவிடும். கலங்கிய பச்சைத் தண்ணீரில் அப்படி ஒன்று திரும்பும்போது பார்க்க வேண்டும்! அதையும் படத்துக்காகக் குத்துகிறார்கள். தட்டில் வைத்தால் பழுப்புக் கலவாவுக்கும் அதற்கும் ருசியில் ஒரு வேறுபாடும் கிடையாது.

குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பின்னால், உடம்பின் பக்கவாட்டில் வால்வரை ஓடும் பக்கக்கோடு தொடங்கும் இடத்தில் பட்டால் மீன் துடிக்காமல் நின்றுவிடும். வயிற்றில் பட்டால் கிழித்துக்கொண்டு பொந்துக்குள் போய்ச் சாகும். அது யாருக்கும் உதவாது. கோணம் சரியில்லை என்றால் மேலே வந்துவிட வேண்டியதுதான். மீன் அங்கேயேதான் இருக்கும்.

தனியாகப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: கூடாது. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும்; மூச்சு வேண்டும் என்ற தவிப்பே தாமதமாகத்தான் வரும். பத்து மீட்டரில் இருக்கும் அழுத்தம் மேலே வரும்போது பாதியாகிவிடும், நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தமும் அதோடு சேர்ந்து விழும். அதனால்தான் கடைசிச் சில மீட்டரில், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்புகிறது. முகத்தைத் தூக்கிப் பிடிக்க ஒருவர் அருகில் இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே நின்று பார்க்க வேண்டும். அவர் வெளியே வந்து அரை நிமிடம் ஆகும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் முங்குவது தனியாகப் போவதற்குச் சமம்.

இந்த அக்டோபரில் அந்தப் பக்கம் போக நினைக்கும் நண்பர்கள், துப்பாக்கி எந்த நிறுவனத்துடையது என்று கேட்பதற்கு முன் புகலிடங்களின் வரைபடத்தைக் கேளுங்கள், அனுப்புகிறேன். அகுவா வெர்தேயில் இறங்கியதும் படகுத்துறையில் நிற்கும் மீனவர்களிடம் அதைக் காட்டி, எல்லை இன்றும் அதேதானா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். மணலில் குச்சியால் கோடு போட்டே காட்டுவார்கள்.