அரசு நிதியில் எடுத்த தொடர் யாருக்குச் சொந்தம்?

"ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய பணத்தை டிவி தொடர் எடுக்க ஏன் கொடுக்க வேண்டும்?" உள்நாட்டுத் தயாரிப்புக்கு அரசு நிதி என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. கேட்பவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் பதில். ஆனால் கொடுக்கிற விதம் பல இடங்களில் தப்பாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு மணி நேர நாடகம் எடுக்கிற செலவு, அதை எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துக் குறைவதில்லை. கேமரா வாடகை, லைட்மேன் சம்பளம், எடிட்டிங் எல்லாம் ஐம்பது கோடிப் பேர் பார்த்தாலும் ஐந்து லட்சம் பேர் பார்த்தாலும் ஒன்றுதான். பெரிய சந்தையில் எடுத்த தொடர் போட்ட காசை உள்ளூரிலேயே எடுத்துவிடும். அதற்கப்புறம் வெளிநாட்டுக்கு விற்பதில் வருகிற எந்த விலையும் லாபம். அதனால் அடிமாட்டு விலைக்குக்கூட விற்க முடியும். சின்ன நாட்டில் ஒரு சேனலை நடத்துகிறவர் கணக்குப் போட்டுப் பார்த்தால், சொந்தமாக எடுப்பதைவிட வாங்கிப் போடுவதே மலிவு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என் மகள் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன்களை நினைத்துப் பார்க்கிறேன். எல்லாமே டப்பிங். அவள் பேசுகிற மொழியிலேயே யோசித்து எடுத்தது என்று ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

சரி, பணம் எங்கிருந்து வரும்? ஆஸ்பத்திரிப் பணத்தில் கைவைக்க வேண்டியதே இல்லை. பிரான்ஸில் 1946இல் தொடங்கிய சிஎன்சி என்ற அரசுத் திரைப்பட அமைப்பு, தியேட்டரில் விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பங்கை எடுக்கிறது. இப்போது அது 10.72 சதவீதம். ஹாலிவுட் படத்துக்கு வாங்குகிற டிக்கெட்டும் அடுத்த பிரெஞ்சுப் படத்துக்கு உதவுகிறது. பிறகு டிவி சேனல்களும் இணையத்தில் படம் விற்கிறவர்களும் இதே ஏற்பாட்டுக்குள் வந்தார்கள். கனடாவில் கேபிள், சாட்டிலைட் நிறுவனங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தை உள்நாட்டுத் தயாரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி. 2010இல் தொடங்கிய கனடா மீடியா ஃபண்ட், இந்தப் பணத்தையும் அரசு தருவதையும் வைத்து நடக்கிறது. ஆனால் மக்கள் கேபிளை விட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போகப் போக அந்த உண்டியல் இளைத்தது. அதே வீடுகளில் சந்தா வாங்கிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவர்களையும் சேர்க்கிற புதிய சட்டம் 2023இல் வந்தது. 2024இல் கனடாவின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம், அங்கே ஆண்டுக்கு 2.5 கோடி கனடா டாலருக்கு மேல் சம்பாதிக்கிற பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்களும் 5 சதவீதம் கட்ட வேண்டும் என்றது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். என்னைக் கேட்டால், ஒரு நாட்டின் பார்வையாளர்களிடம் சம்பாதிப்பவர் அந்த நாட்டின் தயாரிப்புக்குக் கொஞ்சம் கொடுப்பதில் தப்பே இல்லை.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது உரிமை விஷயம், அதாவது எடுத்த தொடர் யாருக்குச் சொந்தம் என்பது. பிரிட்டனில் 2003க்கு முன்பு, சேனல் பணம் கொடுத்துத் தயாரித்தால் பெரும்பாலும் எல்லா உரிமையும் சேனலுக்கே. அந்த ஆண்டு வந்த தகவல்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு, உரிமை தயாரிப்பாளரிடம் நின்றது. சேனல் வாங்குவது குறிப்பிட்ட காலத்துக்கான உரிமம் மட்டும். சின்னச் சின்னக் கம்பெனிகள் தங்கள் நிகழ்ச்சியை வெளிநாட்டுக்குத் தாங்களே விற்று, அந்தக் காசில் அடுத்ததை எடுக்க முடிந்தது. ஒரு துறை சொந்தக் காலில் நிற்பது இப்படித்தான்.

ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் கதை தலைகீழ். முழுச் செலவையும் தருவார்கள், மேலே கொஞ்சம் லாபமும் தருவார்கள். பதிலுக்கு உரிமை மொத்தமும் அவர்களுக்கு. 2021இல் உலகமே பார்த்த கொரியத் தொடர் 'ஸ்க்விட் கேம்' நெட்ஃபிளிக்ஸின் சொத்து. அதில் அவர்கள் போட்டது சொந்தக் காசு, அதனால் அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் பொதுப்பணத்தையோ வரிச்சலுகையையோ வாங்கிக்கொண்டு எடுத்த தொடரும் இதே ஒப்பந்தத்தில் போனால்? வேலை கிடைக்கிறது என்பார்கள். உண்மைதான், சின்ன விஷயமல்ல. ஆனால் படப்பிடிப்பு முடிந்தால் அந்த வேலையும் முடிந்தது. தொடர் நம்மிடம் இருக்காது. 2023 மே மாதம் டிஸ்னி பிளஸ் தன் சொந்தத் தயாரிப்புகள் பலவற்றை ஒரேயடியாகத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. சில, வெளிவந்து ஓர் ஆண்டுகூட ஆகாதவை. மக்கள் பணத்தில் எடுத்த ஒன்றுக்கு இந்தக் கதி வரவே கூடாது.

சின்ன மொழிக்கு நிதி கொடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸைக் காட்டுவேன். அங்கே வெல்ஷ் மொழி பேசுபவர்கள் 1980 வாக்கில் ஐந்து லட்சம் பேர் அளவில்தான் இருந்தார்கள். வெல்ஷ் மொழிக்குத் தனிச் சேனல் தருவதாகச் சொன்ன பிரிட்டனின் தாட்சர் அரசு ஆட்சிக்கு வந்ததும் பின்வாங்கியது. 1980இல் க்வின்ஃபோர் எவன்ஸ் என்ற அரசியல் தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்4சி என்ற அந்த வெல்ஷ் சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தச் சேனலுக்காக எடுத்த 'சூப்பர்டெட்' என்ற குழந்தைகள் கார்ட்டூன் அமெரிக்கா வரை போனது. 2013இல் அதே சேனலின் துப்பறியும் தொடர் ஒன்றில் ஒவ்வொரு காட்சியையும் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் இரண்டு முறை நடித்து எடுத்தார்கள். வெல்ஷ் வடிவம்தான் முதலில் ஒளிபரப்பானது. பல நாடுகள் வாங்கின. மொழியை விடாமலே விற்க முடிந்தது.

குழந்தைகள் நிகழ்ச்சிக்குத்தான் இந்த நிதி முதலில் போக வேண்டும், ஏனென்றால் அதற்கு விளம்பரம் குறைவு. பிரிட்டன் 2019இல் அதற்கென்றே ஒரு நிதி தொடங்கி, மூன்றே ஆண்டில், 2022இல் மூடிவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

இன்னொரு பயமும் உண்டு. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்குகிற பணம் ஆட்சியாளர் மனசு மாறினால் போய்விடும். அமெரிக்காவில் பொது டிவி, ரேடியோ நிலையங்களுக்கு நிதி தர 1967இலிருந்து நடந்த பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டாலரை 2025இல் நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. அதனால் நிதி சட்டப்படி வசூலாகும் தனிக் கணக்கில் சேர வேண்டும். எதை எடுப்பது என்பதை அமைச்சர் அல்ல, தனிக் குழு முடிவு செய்ய வேண்டும். ஒரு சேனல் கையெழுத்துப் போட்டால்தான் நிதி என்ற பழைய நிபந்தனையையும் எடுக்க வேண்டும். வெப் சீரிஸ் எடுக்கிற, கேம் செய்கிற இளைஞருக்கு எந்தச் சேனலையும் தெரிந்திருக்காது.

விண்ணப்பத்தில் கதைச் சுருக்கம் கேட்கிறார்கள், பட்ஜெட் கேட்கிறார்கள். பத்து வருடம் கழித்து இதன் உரிமை யாரிடம் இருக்கும், மக்கள் எங்கே பார்க்கலாம் என்ற இரண்டு கேள்விகளையும் அதில் சேர்க்கச் சொல்கிறேன். அதற்குப் பதில் எழுத முடியாதவருக்கு முதல் தவணைகூடப் போகக் கூடாது.