கிழங்கு கசந்தா அதுக்குக் கிழங்கா பொறுப்பு?

அந்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வீடியோவை இன்னிக்கும் யாரோ இன்பாக்ஸ்ல தட்டி விட்டிருக்காங்க. பார்த்தாச்சு மக்களே, போதும். ஒருத்தர் மரச்சீனியும் மீன்குழம்பும் தானே சமைச்சு, ஒரு வாய் வச்சு, முகத்தைச் சுளிச்சு, "கசக்குது, நாறுது, இதையா நாகர்கோவில்காரங்க இப்படிக் கொண்டாடுறாங்க"ன்னு துப்பினது வரைக்கும் முழுசா பார்த்தேன்.

புடிக்கலையா, சாப்பிடாதீங்க. யாரும் வாயில திணிக்கலை. கொத்தமல்லித் தழையே சிலருக்கு சோப்பு மாதிரி இருக்கும், அது பிறவியிலேயே வர்ற சங்கதி. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? ஆனா சமைக்கத் தெரியாம சமைச்சுட்டு ஒரு ஊர்ச் சாப்பாட்டுக்கே தீர்ப்பு எழுதாதீங்க. கேக்குறது அவ்வளவுதான்.

அவர் கிழங்கை ஒடிச்ச இடத்தை நிறுத்திப் பாருங்க. உள்ளே நீலமா கோடு ஓடுது. பிடுங்கி ரெண்டு மூணு நாள் ஆனா மரச்சீனி அப்படி ஆயிடும். மார்த்தாண்டம் சந்தையில எந்த அம்மச்சியும் முனையை ஒடிச்சு, வெள்ளை வெளேர்னு இருந்தாதான் காசை எடுப்பாங்க. அடுத்தது தொலி. மேல் தொலியை மட்டும் உருளைக்கிழங்கு மாதிரி சீவுறார். அதுக்கு அடியில தடியா இன்னொரு தொலி இருக்கு, கத்தியால நீளவாக்குல கீறி நெம்பினா பட்டையா கழண்டு வரும். கசப்பு கூடுதலா இருக்கிறதே அந்த உள்தொலியிலதான். அதையும் எடுக்கணும், நடுவுல ஓடுற நாரையும் எடுக்கணும்.

அப்புறம் குக்கர்! அரை டம்ளர் தண்ணி, மூணு விசில். ஐயா, மரச்சீனியில சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு. துண்டு போட்டு, நல்லா கழுவி, கிழங்கு மூழ்குற அளவுக்குத் தண்ணி வச்சு, மூடாம கொதிக்கவிட்டா அந்தச் சயனைடு கொஞ்சம் ஆவியா போகும், அந்தப் பொருள் கொஞ்சம் தண்ணியோட போகும். முதல் கொதி வந்ததும் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணி வைக்கிறது எதுக்குன்னு நெனச்சீங்க? உப்பு பாதி வெந்த பிறகு. வெந்ததும் ஒட்ட வடிச்சுட்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், ரெண்டு பல் வெள்ளைப்பூண்டு, மஞ்சள் எல்லாம் ஒண்ணும் பாதியுமா சதச்சுப் போட்டு சூட்டோட மசிக்கணும். எல்லாத்தையும் குக்கர்ல அடைச்சு, தண்ணியையும் வடிக்காம மசிச்சா இனிக்கவா செய்யும்?

சாளை (மத்தி மீன்) குழம்பைப் பத்தி நான் பேசவே வேண்டாம். கரண்டி போட்டுக் கிண்டினார். சாளையைக் கிண்டினா முள்ளுக் கஞ்சிதான் கிடைக்கும். மண்சட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு சுத்து சுத்தினா போதும்.

அதுக்கு மேல ஊத்தினது? வாசனை போட்ட தலை எண்ணெய். பாட்டில் கேமராவுல தெளிவாவே தெரியுது. ஊத்திட்டு, "தலைக்குத் தேய்க்கிறதை எப்படித்தான் சாப்பிடுறாங்களோ"ன்னு கேள்வி வேற. நாங்க ஊத்துறது செக்குல ஆட்டின தேங்காய் எண்ணெய். கொப்பரை சரியா காயாம ஆட்டினா அதுவும் காறும், அதை எங்க வீட்டுலயும் யாரும் தொடமாட்டாங்க. சின்ன பாட்டில்ல வர்ற சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கான்னு ஒரு வரி வழக்கு வருஷக்கணக்கா நடந்து, 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே அதைச் சமையல் எண்ணெயா எடுத்துக்கலாம்னு சொல்லியாச்சு. இவருக்கு இன்னும் தகவல் போகலை போல.

"ஒரு கிழங்குக்கா இம்புட்டுக் கோவம்?" ஆமா, கிழங்குக்குத்தான்.

"அவர் கருத்தை அவர் சொல்லக்கூடாதா?" சொல்லட்டும். நானும் என் கருத்தைத்தானே சொல்றேன்?

"நல்லெண்ணெய் ஊத்தின மீன்குழம்பை நீங்க கேலி பண்றதில்லையா?" பண்றோம். வீட்டுக்குள்ள பண்றோம். கேமரா வச்சுத் துப்பலை. ரெண்டும் ஒண்ணுதான்னு வாதாடுறவங்க வாதாடிக்கோங்க.

"அது மலையாளிச் சாப்பாடுதானே, தமிழன் எதுக்குப் பொங்குறே?" இதுதான் உண்மையிலேயே சுட்டது. 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. அதுக்காகப் போராடினவங்க வீட்டு அடுப்புலயும் இதே மரச்சீனிதான் வெந்தது. திருவனந்தபுரம் போனா நாங்க "பாண்டி", அதாவது தமிழன்; சென்னைக்கு வந்தா மலையாளி. விடுதியில எங்க பிள்ளைங்க டிபன் டப்பாவைத் திறந்தா பக்கத்துல இருக்கிறவன் மூக்கைப் பொத்துவான். வாரம் ரெண்டு நாள் சாம்பாரை ருசின்னு சொல்லிப் பழகிக்கிட்டுத்தான் அதுங்க படிச்சு வந்துச்சு.

ஏழைச் சாப்பாடாம். இருக்கட்டுமே. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சு, அங்கிருந்து வர்ற அரிசி நின்னுபோனப்போ, எங்க ஊரும் அன்னிக்குச் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துல பல வீடுகள்ல உயிரைப் பிடிச்சு வச்சது இந்தக் கிழங்குதான். அதைப் போய் "எங்க ஊர்ல பன்னிக்குப் போடுவோம்"னு ஒருத்தர் வீடியோவுக்குக் கீழ எழுதியிருக்கார். அதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சவங்கள்ல சிலபேர் என் நட்புப் பட்டியல்ல இருந்தாங்க. இப்போ இல்லை.