கசிவுக்கு முன்னரே தும்பும் பஞ்சும் தயாராக இருக்கவேண்டும்

2018 செப்டெம்பரில் இலங்கையின் முத்துராஜவெலவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் கசிந்து உஸ்வெட்டகெய்யாவக் கரை கறுத்தது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. இவ்வளவும் பட்ட பிறகும், அடுத்த எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்குப் பெற்றோலியத்திலிருந்தே செய்யப்படும் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் விரிப்புகளையே நாம் நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தலையணைக்குள் நாம் அடைக்கும் இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் மெழுகு பூசிய வெற்றுக் குழாய். அது தண்ணீரை விலக்கி, தன் எடையைப்போல் 30 மடங்குக்கும் மேலான எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடியது. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பிரிவு வழியாக இந்நாட்டுக்குள் வந்து, வயல்களையும் வாய்க்கால்களையும் மூடிய சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களையின் இலைமயிர்களும் அப்படித்தான். தண்ணீரில் நனையாமல் அவை எண்ணெயை ஈர்ப்பதை ஜேர்மனிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். நாம் பிடுங்கி எறியும் களைக்கு இப்படியொரு பயன் இருப்பதை நம் ஆய்வுகூடங்கள் விட்டுவிடக்கூடாது.

ஆனால் தென்னை முக்கோணம் எனப்படும் தென்னை விளையும் பகுதியின் தும்பு ஆலைகளில் குவிந்துகிடக்கும் தும்புத்தூளையும், உமியையும், வைக்கோலையும் அப்படியே கடலில் கொட்டலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். அவை எண்ணெயைவிடத் தண்ணீரையே விரைவாகக் குடிக்கும். ஊறியபின் எண்ணெயோடு சேர்ந்து அடியில் அமிழ்ந்து, இறாலும் நண்டும் வாழும் சேற்றில் நஞ்சைப் பதிக்கும். மிதமாக வறுத்தோ, அசெற்றிக் அன்ஹைட்ரைட் என்ற இரசாயனத்தால் பதப்படுத்தியோ அவற்றின் நீர்நாட்டத்தைக் குறைத்து, வலைப்பைகளில் அடைத்தால்தான் திரும்ப இழுத்தெடுக்க முடியும். 2020இல் வக்காஷியோ கப்பல் மொரீசியஸ் பவளப்பாறையில் மோதி எண்ணெய் கசிந்தபோது, அங்குள்ள மக்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து மிதவைத் தடுப்புகள் தைத்தார்கள். அந்த உழைப்பை நான் மனதார மதிக்கிறேன். எனினும், கசிவு நடந்த பின்னர் அவசரமாகத் தைக்கும் நிலைக்கு நம் மக்களைத் தள்ளக்கூடாது.

பெருங்கசிவை மிதவைத் தடுப்புகளும் எண்ணெயை வழித்தெடுக்கும் இயந்திரங்களுமே முதலில் சமாளிக்கவேண்டும். பஞ்சும் தும்பும் உதவுவது, மெல்லிய படலமாக எஞ்சும் எண்ணெய்க்கும், துறைமுக மூலைகளுக்கும், நீர்கொழும்புக் களப்பின் வாயிலுக்கும், இயந்திரம் நுழைய முடியாத கண்டல் வேர்களுக்கும்தான். ஆகவே, பதப்படுத்திய பைகளைக் கரையோர மீனவர் சங்கங்களிடம் முன்கூட்டியே கொடுத்து, போடவும் எடுக்கவும் பழக்கவேண்டும் என்று கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையைக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் ஊறிய பை ஆபத்தான கழிவு. அதை மணலில் புதைத்தால் கரையோரக் கிணறுகள் கெடும். புத்தளத்தின் சீமெந்துச் சூளையில் அத்தகைய கழிவுகளை எரிக்கும் வசதி ஏற்கெனவே இருப்பதால், யார் ஏற்றிச்செல்வது, செலவை எந்தக் கப்பல் நிறுவனத்திடமிருந்து எப்படி அறவிடுவது என்பதை இப்போதே எழுத்தில் முடிவுசெய்யவேண்டும்.