கோராகின் கூடாரமும் ஒரு வாசற்படியும்

பல வருடங்களுக்கு முன், நான் போய்க்கொண்டிருந்த சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் ஒரு அண்ணன் எழுந்து கணக்கு கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த ஞாயிறு வேதாகமத்தின் எண்ணாகமம் புத்தகம் 16ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம். மோசேக்கும் அவர் அண்ணன் ஆரோனுக்கும் விரோதமாக எழும்பிய கோராகின் கூட்டத்தைப் பூமி வாயைத் திறந்து விழுங்கிய பகுதி. யார் பெயரும் சொல்லப்படவில்லை, ஆனால் யாரை மனதில் வைத்துப் பேசப்பட்டது என்று உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அந்த அண்ணன் அதற்கப்புறம் எந்தச் சபைக்கும் போகவில்லை.

அதனால் அந்த அதிகாரத்தின் மேலேயே எனக்கு ஒரு கசப்பு. வேதம் வாசித்துக்கொண்டு வரும்போது அந்த இடம் வந்தால் வேகமாகத் தாண்டிவிடுவேன். இந்த வருடம்தான் நிதானமாக, முன்னும் பின்னும் இருப்பதைச் சேர்த்து வாசித்தேன். தேவன் ஏற்படுத்திய அதிகாரத்துக்கு விரோதமாக எழும்பினால் அதற்கு ஆவிக்குரிய விளைவு உண்டு, அது பயங்கரமானது என்று இப்போது முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அந்த விளைவு எங்கே தொடங்குகிறது, யார்மேல் வருகிறது என்பதில் நமக்குச் சொல்லித்தந்ததற்கும் வசனம் சொல்வதற்கும் நிறைய இடைவெளி இருக்கிறது.

கோராகு வெளியாள் இல்லை. மோசேயின் சித்தப்பா மகன். மோசேயின் தகப்பன் அம்ராமும் கோராகின் தகப்பன் இத்சேயாரும் கோகாத்தின் பிள்ளைகள். கோகாத்தியருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? உடன்படிக்கைப் பெட்டியையும் பலிபீடங்களையும் சுமப்பது. லேவியரில் கெர்சோன் புத்திரருக்கு 2 வண்டிகள், மெராரி புத்திரருக்கு 4 வண்டிகள் கொடுக்கப்பட்டன. கோகாத்தியருக்கு வண்டியே இல்லை. பரிசுத்த ஸ்தலத்துக்கு உரியதைத் தோள்மேல்தான் சுமக்கவேண்டும். பரிசுத்தமானதற்கு அவ்வளவு பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தவன் கோராகு. அப்படியும் ஆரோனுக்குக் கிடைத்த ஆசாரியத்துவம் தன் கைக்கு வரவில்லையே என்பது மட்டும்தான் அவனுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அதை அவன் நேராகச் சொல்லவுமில்லை. சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள், நீங்கள் மட்டும் ஏன் உங்களை உயர்த்துகிறீர்கள் என்றுதான் கேட்டான். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சபைத் தலைவர்கள் 250 பேர் அவன் பின்னால் போனதில் ஆச்சரியமே இல்லை. மோசே மட்டும் உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டார்: "ஆசாரியப் பட்டத்தையும் தேடுகிறீர்களோ?"

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒருமுறை பாடகர் குழுவின் பொறுப்பு எனக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வேறொருவருக்குப் போனது. எனக்கு வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சபையில் எல்லாரும் சமம்தானே, ஏன் இப்படி ஆள் பார்த்துச் செய்கிறார்கள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அந்த மாதங்களில் ஆராதனையில் நிற்பேன், வாய் பாடும், மனசு குற்றங்களை எண்ணிக்கொண்டிருக்கும். ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. பூமி பிளக்கவில்லை. ஆனால் எனக்கும் தேவனுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மூடிவிட்டது என்று தெளிவாகத் தெரிந்தது.

அதனால்தான் கோராகோடு சேர்ந்து எழும்பிய தாத்தானும் அபிராமும் சொன்ன ஒரு வார்த்தை என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. மோசே அவர்களைக் கூப்பிட்டனுப்புகிறார். வரமாட்டோம் என்கிறார்கள். கூடவே, பாலும் தேனும் ஓடுகிற தேசத்திலிருந்து எங்களைக் கொண்டுவந்துவிட்டாயே என்கிறார்கள். எந்தத் தேசத்தைச் சொல்கிறார்கள்? எகிப்தை! செங்கல் அறுக்க வைத்து முதுகில் அடித்த தேசத்தை. ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்ன தேசத்தை. பாலும் தேனும் என்பது கானானைப் பற்றித் தேவன் கொடுத்த வாக்குத்தத்தத்தின் வார்த்தை. அதை எடுத்து எகிப்துக்குச் சூட்டுகிறார்கள். கலகத்தின் முதல் தண்டனை இதுதான் என்று நினைக்கிறேன். ஞாபகம் தலைகீழாகிவிடுகிறது. அடிமைத்தனம் இனிப்பாகத் தெரிகிறது, மீட்பு துரோகமாகத் தெரிகிறது. அந்த நிலைக்கு வந்தவன் கால் கீழே பூமி திறப்பதற்கு முன்பே விழுந்துவிட்டான்.

இது சுற்றி இருக்கிறவர்களையும் தொற்றுகிறது. பூமி பிளந்ததைக் கண்ணால் பார்த்து அலறி ஓடிய அதே ஜனங்கள், மறுநாளே மோசேயிடமும் ஆரோனிடமும் வந்து, கர்த்தரின் ஜனங்களைக் கொன்றுபோட்டீர்கள் என்று முறுமுறுத்தார்கள். ஒரே ஒரு ராத்திரிதான் இடையில்! அன்றைய வாதையில் 14,700 பேர் செத்தார்கள். அப்போது ஆரோன் தூபகலசத்தை எடுத்துக்கொண்டு சபையின் நடுவே ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருக்கிறவர்களுக்கும் நடுவில் நிற்கிறார். யாருடைய பதவியைப் பறிக்கப் பார்த்தார்களோ அவரே அவர்கள் உயிருக்காக ஓடுகிறார். தேவன் ஏற்படுத்திய அதிகாரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். குற்றச்சாட்டு வந்ததும் மோசே செய்த முதல் காரியம் முகங்குப்புற விழுந்தது. அப்புறம், அவர்களுடைய ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று கர்த்தரிடம் சொன்னார். பிறகு சபைக்காக மன்றாடினார். கணக்கு கேட்டவரை மேடையிலிருந்து அடிக்க இந்த அதிகாரத்தைக் கையில் எடுப்பவர்கள், அந்தக் கழுதை வசனத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

இன்னொரு வசனமும் இப்படித்தான் பயன்படுத்தப்படுகிறது. இரண்டகம்பண்ணுதல், அதாவது கலகம்செய்தல், பில்லிசூனிய பாவத்துக்குச் சமம் என்ற 1 சாமுவேல் 15. ஊழியரைக் கேள்வி கேட்காதே என்பதற்கு ஆதாரமாக இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் சாமுவேல் இதைச் சொன்னது யாரிடம்? ராஜாவிடம். அபிஷேகம்பண்ணப்பட்ட சவுலிடம். அமலேக்கியரின் ஆடுமாடுகளில் நல்லதையெல்லாம் தப்பவிட்டு, தனக்கு ஒரு ஜெயஸ்தம்பமும் நாட்டிவிட்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சொன்ன மனிதனிடம். அதிகாரத்தில் இருப்பவனே தனக்கு அதிகாரம் கொடுத்தவருக்கு விரோதமாகக் கலகம் செய்யமுடியும். அதன் விளைவு இன்னும் பயங்கரம். கர்த்தருடைய ஆவி சவுலைவிட்டு நீங்கியது. கடைசியில் கர்த்தர் பதில் சொல்லாமல்போக, தேசத்திலிருந்து தானே துரத்திய, செத்தவர்களை எழுப்பிக் குறிகேட்கும் அஞ்சனம்பார்க்கிறவர்களில் ஒருத்தியைத் தேடி, மாறுவேஷம் போட்டு, ராத்திரியில் எந்தோருக்குப் போனான். பில்லிசூனியத்துக்குச் சமம் என்று சாமுவேல் சொன்ன பாவம், அவனை அந்த வாசலிலேயே கொண்டுபோய் விட்டது.

சரி, அப்படியானால் கேள்வி கேட்பதற்கும் கலகத்துக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? எனக்குப் பதில் அதே எண்ணாகமத்தில், 27ஆம் அதிகாரத்தில் கிடைத்தது. செலொப்பியாத்தின் 5 மகள்கள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதற்கும் முன்னால் வந்து நிற்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பேர் ஏன் அற்றுப்போகவேண்டும், எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அதுவரை இருந்த ஒழுங்கையே கேள்வி கேட்கிறார்கள். கேட்கும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்கிறார்கள்: எங்கள் அப்பா கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல.

அந்தப் பெண்களுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. ஆள் திரட்டவில்லை, கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வரமாட்டோம் என்று சொல்லியனுப்பவில்லை, எல்லார் முன்னிலையிலும் வந்து கேட்டார்கள். மோசேயும் அவர்களைக் கோராகோடு சேர்க்கவில்லை. அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் பேசுகிறது சரிதான் என்று கர்த்தரே சொன்னார், பிரமாணமே மாறியது. அன்றைக்கு எங்கள் சபையில் எழுந்து நின்ற அண்ணன் இந்த 5 பேரின் வரிசையில் நின்றவர் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றே தெரிந்திருந்தால் அவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். பாடகர் குழு விஷயத்தில் பேசித்திரிந்த நான்தான் கோராகின் பக்கத்தில் இருந்தேன், என்னைப் பார்த்து யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

கோராகின் கதை 16ஆம் அதிகாரத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். 26ஆம் அதிகாரத்தில், ஜனத்தொகைக் கணக்கின் நடுவே, கோராகின் குமாரர் சாகவில்லை என்று ஒரு சின்ன வசனம் இருக்கிறது. எப்படித் தப்பினார்கள் என்று சொல்லப்படவில்லை. துஷ்டருடைய கூடாரங்களை விட்டு விலகுங்கள் என்று மோசே கூப்பிட்டபோது அந்தப் பிள்ளைகள் எழுந்து வந்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். 1 நாளாகமம் 6இல் உள்ள வம்ச அட்டவணையைப் பார்த்தால், சாமுவேல் தீர்க்கதரிசி கோராகின் வழியில் வந்தவர். வயதான காலத்தில் இஸ்ரவேலுக்கு முன் நின்று, யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன் என்று கேட்டாரே, அவர். மோசே சொன்ன அதே வார்த்தை, கோராகின் வம்சத்தில் வந்தவர் வாயில்!

11 சங்கீதங்களின் தலைப்பில் கோராகின் புத்திரரின் பெயர் இருக்கிறது. அதில் 84ஆம் சங்கீதத்தை எத்தனையோ தடவை பாடியிருக்கிறேன், யாருடைய பிள்ளைகள் பாடுகிறார்கள் என்று நினைத்ததே இல்லை. ஆகாமியக் கூடாரங்களில், அதாவது துன்மார்க்கருடைய கூடாரங்களில், குடியிருப்பதைவிட என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பேன் என்கிறார்கள். கூடாரம் என்ற வார்த்தையை அவர்கள் வீட்டுச் சரித்திரம் தெரியாமல் பாடியிருக்க முடியாது. 1 நாளாகமம் 9இல் அவர்களுடைய வேலையும் எழுதியிருக்கிறது. கோராகியர் வாசற்படிகளைக் காக்கிறவர்களாக இருந்தார்கள்.